குனிந்தவர்களுக்குச் சுற்றாத விசிறி

இசக்கிச்செல்விக்கு இடுப்பு கடுத்தது. விடியலிலிருந்து சேற்றில் குனிந்து நாற்று நட்ட முதுகு, வரப்பேறிய பிறகும் நிமிர மாட்டேன் என்றது. அந்த முதுகோடுதான், ஊருக்குப் புதிதாக வந்திருந்த பரிதிச் சித்தரிடம் வாக்குக் கேட்கும் வரிசையில் நின்றாள்.

சீவலப்பேரியே அங்கேதான் நின்றது. டவுன் பஸ்ஸில் வந்திறங்கிய கூட்டம் வேறு. சித்தரிடம் ஒரு ‘சூரிய ஏடு’ இருந்தது. கருஞ்சிவப்புக் கோடு போட்ட, பாய்போலச் சுருட்டக்கூடிய தகடு. அதிலிருந்து இரண்டு கம்பி. கம்பி முனையில் குட்டி விசிறி. ஏட்டைத் தட்டுபோல வயிற்றருகே ஏந்த வேண்டும். விசிறி சுற்றினால் புண்ணியம். நின்றால் தோஷம். பரிகாரம், ஓலைக் கொட்டான் நிறைய உடன்குடிக் கருப்பட்டி. சூரியனுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது போலும்! வாக்கும் உச்சிவெயிலில் மட்டும். மற்ற நேரம் பகவானுக்குக் காது கேட்காதாம்.

வயல்காரர் பெருமாள்ராஜ் நெஞ்சை நிமிர்த்தி ஏந்தினார். விர்ரென்று சுற்றியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. செல்வி ஏந்தினாள். நின்றது.

“தோஷக்காரி தொட்ட நாத்து கருகிப்போகும்,” என்றார் சித்தர்.

நடவுக் கூட்டத்தை நடத்தும் சந்தனமாரி அன்றே சொல்லிவிட்டாள்: “ஏளா, நாளையிலேருந்து நீ வயல்ல இறங்காத.”

ஒரு வாரம் செல்வி வீட்டில் கிடந்தாள். அடுப்பும் கிடந்தது.

அக்கா மகள் சுப்ரஜா திருநெல்வேலியில் சூரிய மின்தகடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவள். பார்க்க வந்தவள் கதையைக் கேட்டாள். “வாங்க சித்தி,” என்று குடையை எடுத்தாள்.

“சாமி, நீங்க ஏந்துங்க, பாப்போம்,” என்றாள், உச்சிவெயிலில் சித்தர் முன் போய் நின்று.

சித்தர் ஏந்தினார். சுற்றியது. சுப்ரஜா பைய அவர் தலைக்கு மேல் குடையை விரித்தாள். நின்றது. மடக்கினாள். சுற்றியது.

“ஏலே, சாமிக்கே தோஷம்லா!” பின்னாலிருந்து ஒரு குரல்.

“குடைக்குத் தோஷம்,” என்றார் சித்தர்.

“அப்ப எருமைக்கு?” வெயிலில் நின்ற எருமையின் முதுகில் ஏட்டை விரித்தாள். பெருமாள்ராஜுக்குச் சுற்றியதைவிட வேகமாகச் சுற்றியது. கூட்டத்தில் நின்ற அவர் நழுவுவதற்குச் செருப்பைத் தேடினார்.

“இதுல ரெண்டு வகைக் கரிமப் பொருளக் கலந்து பூசியிருக்கு,” என்றாள் சுப்ரஜா. “வெளிச்சம் பட்டா மின்னேற்றம் சோடியாக் கிளம்பும். நேர் ஒண்ணு, எதிர் ஒண்ணு, கையக் கோத்துக்கிட்டே. ரெண்டு பொருளும் தொடுற எல்லைக்கு வந்தாத்தான் பிரியும். பிரிஞ்சு ஆளுக்கொரு கம்பிக்கு ஓடினா விசிறி சுத்தும். வழியிலேயே ஒண்ணுல ஒண்ணு அடங்கிட்டா ஒண்ணுமில்ல. வெளிச்சமே விழலன்னா சோடியே கிளம்பாது. உச்சிவெயில்ல நிமிர்ந்து நிக்கவன் தகட்டுல வெயில் விழும். குனிஞ்சவ தகட்டுல அவ தல நிழல்தான் விழும்.”

சந்தனமாரி தன் கூனல் முதுகைத் தடவினாள். “அதான் நடவுக்காரி ஒருத்திக்கும் சுத்தலயா!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது சித்தர் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்.

வேலைக்காக முதுகு குனிகிறது, சரி. மூளை எதற்காகக் குனிய வேண்டும்?

மறுநாள் சந்தனமாரி வாசலில் நின்று, “நடவுக்கு வாளா,” என்று மட்டும் கூப்பிட்டாள். ஒரு வாரம் ஒதுக்கிவைத்ததற்கு ஊர் செல்வியிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.