பதினெட்டாம் குழியில் உன் வீச்சு பாக்கி

அன்புள்ள தம்பி வெர்னனுக்கு,

அண்ணன் லோவெல் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணி மார்லிஸும் சௌக்கியம். பக்கத்து வீட்டு நாயும் சௌக்கியம்; நீ கேட்கமாட்டாய் என்றாலும் சொல்லிவைக்கிறேன். அங்கே அரிசோனாவில் நீயும், உன் மகளும், உன் இடது முழங்காலும், புதிதாக மாற்றிய வலது முழங்காலும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். வெயில் எப்படி என்று கேட்கவில்லை. அதைத்தான் ஞாயிறுதோறும் போனில் கேட்கிறேனே. நாம் இரண்டு பேரும் போனை எடுத்தால் வெயிலையும் பனியையும் தவிர வேறு பேச்சு வாயில் வருவதில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன், நீ முதலில் உட்கார்ந்துகொள். நம் ஏரிக்கரைப் பூங்காவின் பதினெட்டாம் குழியை எடுக்கப் போகிறார்கள். செப்டம்பரில் தொழிலாளர் தின விடுமுறைக்கு மறுநாள், நாம் வீசும் தட்டு விழுகிற கூடையைக் கம்பத்தோடு பிடுங்கிவிட்டு, அங்கே சிமெண்டு போட்டு, குட்டி மட்டையால் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருப்பார்களே பிக்கிள்பால், அதற்கு ஆடுகளம் கட்டப் போகிறார்களாம். மற்ற பதினேழு குழிகளையும் நமக்கே விட்டுவிடுவார்களாம். பெரிய மனசுதான்! பதினேழோடு முடிகிற டிஸ்க் கால்ஃப் மைதானம் உலகத்தில் எங்கேயாவது உண்டா? காட்டுக்குள் தட்டை வீசி, மரத்துக்கு மரம் முட்டி, முள்ளுக்குள் தவழ்ந்து தேடி எடுத்து, கடைசியில் மேட்டின் உச்சிக்கு வந்து நிற்கும்போது, கீழே ஏரியும், கரையில் சங்கிலி தொங்கும் கூடையும், கூடைக்குப் பின்னால் கொட்டகையில் சாசேஜ் சுட்டுக்கொண்டு நம்மைக் கேலி செய்யக் காத்திருக்கும் கூட்டமும் கண்ணில் படுமே, அந்த ஒரு நிமிடம் இல்லையென்றால் அப்புறம் எதற்கு ஆட்டம்? "வெர்னன்! உன் தட்டு மில்வாக்கி பஸ் ஏறிடுச்சுடா, ஓடிப்போய்ப் பிடி!" என்று புல்வெட்டுகிற கர்ட் கத்துவானே, அது இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

உனக்கு நினைவிருக்கும். ஹீட்டரை அணைக்கவே முடியாத அந்தப் பழைய வேனில், நடு ஜூலையில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு, நாம் எத்தனை ஊர் சுற்றினோம்! எந்த மைதானத்துக்குப் போனாலும் நீ முதல் பதினேழு குழிகளைப் பற்றி வாயைத் திறக்கமாட்டாய். கடைசிக் குழியைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வாய். அயோவாவில் ஒன்று குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் முடிந்தது. "இவனுங்களுக்கு மரியாதைன்னா என்னன்னே தெரியல அண்ணே, விருந்துக்குக் கூப்பிட்டுக் கொல்லை வழியா அனுப்புறானுங்க" என்று வண்டியில் ஏறுகிறவரை திட்டினாய். மினசோட்டாவில் ஒன்று ஆற்றைத் தாண்டி வீச வேண்டியது. உன் தட்டு தாண்டிவிட்டது, ஆனால் நாம் தாண்டப் பாலம் வேறு ஊரில் இருந்தது. மிஷிகனில் ஒன்று, அதுதான் உச்சம். அடர்ந்த காட்டுக்குள் கடைசிக் குழி. ஒரே வீச்சில், பைன் மரங்களுக்கு நடுவே வளைந்து போய், ஜலீரென்று சங்கிலியில் விழுந்தது உன் தட்டு. வாழ்நாளில் உனக்கு ஒருதரம்தான் அப்படி அமைந்தது. பார்த்தது யார்? நானும் ஒரு மானும். வீடு வந்து சேர்கிறவரை உனக்கு ஒரே புலம்பல்.

"யாருமே பாக்கலையே அண்ணே."

"நான் பாத்தேனேடா!"

"நீ கணக்குல வரமாட்ட. நீ வீட்டு ஆளு."

கடைசிக் குழி என்றால் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் முடிய வேண்டும், ஜெயித்தாலும் தோற்றாலும் ஊர் பார்க்க வேண்டும் என்பாயே, அந்தக் கணக்கில் நம் பதினெட்டுக்கு இணையே கிடையாது என்று நீயேதான் சொன்னாய். ஊர் பார்த்ததுதான் வினையாகிவிட்டது. கொட்டகையில் கல்யாண விருந்து நடந்த அன்று காற்றைக் கணிக்காமல் நீ வீசிய தட்டு நேராகப் போய் உருளைக்கிழங்கு சாலட் பாத்திரத்தில் இறங்கியதே! மணப்பெண் அதை எடுத்து, நாப்கினால் துடைத்து, கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூடையைப் பார்த்து ஒரு வீசு வீசினாளே, சங்கிலி அதிர்ந்ததே! "மாப்பிள்ளை, ஜாக்கிரதையா இருங்க!" என்று கர்ட் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள், மணப்பெண்ணின் அம்மா பெவர்லியைத் தவிர. அந்த பெவர்லிதான் இன்றைக்குப் பூங்காக் கமிட்டியின் தலைவி. கதை புரிகிறதா?

இப்போது நான் சொல்ல வந்தது. நீ அரிசோனாவுக்குப் போவதற்கு முந்தின நாள் நாம் ஆடிய ஆட்டத்தை நினைத்துப் பார். பதினேழு குழி முடிந்து வீச்சுக் கணக்கு சமம். பதினெட்டில் இரண்டு தட்டும் கூடைக்குக் கிட்டே விழுந்தன. உனக்கு ஒரு வீச்சு பாக்கி, எனக்கு ஒரு வீச்சு பாக்கி. உன்னுடையது கூடைக்குக் கொஞ்சம் எட்டி இருந்ததால் முறைப்படி நீ முதலில். தட்டுகள் கிடந்த இடத்தில் அடையாள வில்லையை வைத்துவிட்டுத் தட்டை எடுத்தோம். உன் கை மேலே போனது. சூறாவளிச் சங்கு ஊதியது. "வீசிட்டு ஓடுடா!" என்கிறேன், நீ அதற்குள் உன் முழங்காலையும் மறந்து ஓடி, சூறாவளிக்கு ஒதுங்க அங்கே இருக்கிற ஒரே கட்டடமான கழிப்பறைக்குள் போய்விட்டாய். சூறாவளி நம் ஊருக்கு வரவே இல்லை, மழைதான் கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை உன் மகள் வேனோடு வந்து நின்றாள். கடைசி வீச்சு முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கைகுலுக்குவோமே, அது நடக்கவில்லை. தொப்பி கழற்றாத வரைக்கும் ஆட்டம் முடியவில்லை. இது நான் சொல்வதில்லை, நம் ஆட்டத்தின் வழக்கம் அப்படி.

அதனால் நான் அந்த இரண்டு இடத்தையும் காத்துவருகிறேன். சிரிக்காதே. பிளாஸ்டிக் வில்லைகளைப் புல்வெட்டும் வண்டி மென்று துப்பிவிடும் என்று, கைவிரல் அகலத்துக்குப் பித்தளையில் இரண்டு வில்லை வெட்டி, ஆளுக்கு ஒரு எழுத்துக் குத்தி, நீள ஆணியால் தரையோடு தரையாக அறைந்து வைத்தேன். வசந்தம் வந்து பனி உருகியதும் முதல் வேலையாகப் போய்ப் பார்ப்பேன். கர்ட் முதலில் முறைத்தான்; விஷயத்தைச் சொன்னதும், "உங்க ரெண்டு பேருக்கும் தலையில ஏதோ கழண்டுபோச்சு" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டுகிறான். நீ போனதிலிருந்து நான் யாரோடு ஆடினாலும் பதினேழோடு நிறுத்திக்கொள்கிறேன். மற்றவர்கள் மேட்டிலிருந்து வீசுவார்கள், நான் பையை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் இறங்கிக் கொட்டகைக்கு வந்துவிடுவேன். ஒரு ஆட்டம் பாக்கி இருக்கும்போது இன்னொன்றை எப்படி முடிப்பது?

இங்கேதான் சனி புகுந்தது. ஆடுகளத்துக்கு இடம் அளக்க வந்த சர்வேயர், வெளியூர்ப் பையன், புல்லுக்குள் பித்தளையைப் பார்த்திருக்கிறான். எழுத்துக் குத்திய பித்தளை வில்லை, நீள ஆணி, இரண்டும் ஏரியைப் பார்த்தபடி! பழைய காலத்து எல்லைக்குறி என்று முடிவுகட்டிவிட்டான். அங்கேயே மூன்றுகால் கருவியை நிறுத்தி, அதிலிருந்தே எல்லாவற்றையும் அளந்து வரைபடம் போட்டுவிட்டான். ஆடுகளத்தின் ஒரு மூலை சரியாக எங்கே வருகிறது தெரியுமா? உன் ஆணிமேல். நம்மைக் காப்பாற்ற நான் அறைந்த ஆணி நம் குழிக்கே அறைந்த ஆணியாகிவிட்டது.

கமிட்டிக் கூட்டத்துக்கு டை கட்டிக்கொண்டு போனேன். ஆறு பேர் காபியும், பார் என்கிற கேக் துண்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், எலுமிச்சை பார், நானும் ஒன்று எடுத்தேன், நல்லாவே இருந்தது. பெவர்லி கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள்.

"குழி குழிங்கறீங்க லோவெல், நான் நேர்ல போய்ப் பாத்தேன். அங்க குழியே இல்லையே?"

"குழி கிடையாதும்மா, கூடை. தட்டு சங்கிலில பட்டுக் கூடையில விழணும்."

"இல்லாத குழியை மூடினா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

வாயில் பார் இருந்தது. விழுங்கிவிட்டு, "என் தம்பிக்கு அங்க ஒரு வீச்சு பாக்கி இருக்கு" என்றேன்.

"உங்க தம்பி வீசினது போதும். அந்த சாலட்டை நான் விடிய விடிய உக்காந்து செஞ்சேன்."

அத்தோடு கூட்டம் கலைந்தது. ஆணி என்னுடையதுதான் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வரைபடம் செல்லாமல் போயிருக்கும். ஆனால் சொன்ன மறுநிமிடம் ஆணியைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள், அப்புறம் உன் இடம் எது, என் இடம் எது என்று எந்தக் காலத்தில் கண்டுபிடிப்பது? சொன்னால் ஆணி போகும், சொல்லாவிட்டால் கூடை போகும். இரண்டுங்கெட்டானாக வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மார்லிஸ் "டையில பார் ஒட்டியிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே தம்பி, வந்துவிட்டுப் போ. முழங்காலைச் சாக்குச் சொல்லாதே, நீ ஓட வேண்டாம், நின்ற இடத்திலிருந்து ஒரு வீச்சு, அவ்வளவுதான். நீயே ஜெயித்தால் எனக்குப் பரம சந்தோஷம், மனதாரச் சொல்கிறேன். நான் பயிற்சி எதுவும் செய்யவில்லை, தட்டைத் தொட்டே நாளாகிறது. வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லட்டுமா? நீ இல்லாமல் இங்கே ஆட்டம் ஆட்டமாகவே இல்லை. வேனில் உன் வசவு கேட்காமல் எந்த ஊருக்கும் போகத் தோன்றவில்லை. மிஷிகனில் நீ வீசியதை ஊரில் யாரும் இன்றுவரை நம்பவில்லை, நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

மகளுக்கு என் ஆசீர்வாதம். பேரன் பேத்திகளுக்கு மார்லிஸின் முத்தங்கள், எத்தனை வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். உன் இரண்டு முழங்கால்களுக்கும் ஆண்டவர் துணை.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
லோவெல்

பி.கு: ஸ்டாம்பு தீர்ந்துபோனதால் இந்தக் கடிதம் நாலு நாளாக ஃப்ரிட்ஜின் மேல் கிடந்தது. அதற்குள் எல்லாம் தலைகீழ். மார்லிஸ் இதைப் படித்திருக்கிறாள். நேற்று வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், ஊரே தட்டேந்தி வரிசையில் நிற்கும்போது, "பெவர்லி, அது எல்லைக்குறி இல்ல, என் வீட்டுக்காரரோட கிறுக்கு" என்று ஆணிக் கதை முழுவதையும் போட்டு உடைத்துவிட்டாள். நான் முட்டைக்கோஸ் சாலட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெவர்லி வாயைத் திறப்பதற்குள் அவள் மகள், அதான் அந்த மணப்பெண், "அம்மா, என் கல்யாணத்துல நடந்த ஒரே நல்ல விஷயம் அதுதான்!" என்றாள். அவள் புருஷன் பக்கத்திலேயே நின்றிருந்தான், பாவம். பெவர்லியும் இறங்கிவந்துவிட்டாள், ஆடுகளம் கார் நிறுத்துமிடத்துக்கு அந்தப் பக்கம் போகிறது. பதினெட்டு இருக்கும். ஆணியும் இருக்கும். ஆகவே மேலே உள்ள புலம்பல் எதுவும் செல்லாது.

இன்னொன்று. நான் இதை எழுதும் முன்பே, போன வாரமே, மார்லிஸ் உனக்குப் போன் செய்துவிட்டாளாம். நீ "சரி அண்ணி" என்று ஒரே வார்த்தையில் முடித்து, மகளோடு புறப்பட்டு, இப்போது அயோவாவில் இருக்கிறாயாம். என்னிடம் இன்று காலைதான் சொல்கிறாள்! ஆக, இதைப் படிக்க அங்கே ஆள் இல்லை. ஸ்டாம்பை ஒட்டிவிட்டேன், கிழிக்க மனம் வரவில்லை, அனுப்புகிறேன். நீ திரும்பிப் போய்ப் பிரிக்கும்போது யார் ஜெயித்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும். நீ ஜெயித்தால் சந்தோஷம் என்று எழுதியது பொய். பயிற்சி செய்யவில்லை என்றதும் பொய். கேரேஜில் துணிக்கூடையை வைத்துத் தினமும் வீசுகிறேன், மார்லிஸிடம் கேள். திங்கட்கிழமை கொட்டகையில் கர்ட், பெவர்லி, அவள் மகள் என்று ஊரே வந்து உட்காரப் போகிறது, இந்தத் தடவை நீ மானை நம்ப வேண்டியதில்லை. தொப்பி கொண்டுவா என்று எழுத நினைத்தேன், இனி எழுதிப் பிரயோஜனம் இல்லை. பரவாயில்லை. அன்று மழையில் கழிப்பறையில் விட்டுவிட்டு ஓடினாயே உன் பச்சைத் தொப்பி, அது என்னிடம்தான் இருக்கிறது. துவைத்து வைத்திருக்கிறேன். கழற்றுவதற்கு உனக்கு ஒன்று வேண்டுமே.