எதற்கும் பதறாத ரெண்டு ட்ரே சார்

ஆந்திர ராஜ்யம் பிரிந்த நாளிலிருந்து எல்லைத் தகராறு தீர்ந்த நாள் வரை, சித்தூர் ஜில்லாவில் பதறாமல் இருந்த மனிதர் ஒரே ஒருவர்தான். இதை நான் யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வேன். அவர் எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க். சம்பளப் பட்டியலில் அவருக்கு என்று ஒரு பெயர் இருந்தது. ஆனால் பியூன் முதல் பெரிய அதிகாரி வரை எல்லாருக்கும் அவர் 'ரெண்டு ட்ரே சார்' தான்.

மற்றவர்கள் மேஜையில் வரும் காகிதத்துக்கு ஒரு ட்ரே, போகும் காகிதத்துக்கு ஒரு ட்ரே இருக்கும். இவர் மேஜையிலும் இரண்டு ட்ரேதான். ஆனால் ஒன்றில் 'நம் கையில் உள்ளது' என்றும், மற்றதில் 'நம் கையில் இல்லாதது' என்றும் தன் கைப்பட எழுதி ஒட்டியிருந்தார். மசி தீர்ந்துவிட்டது என்றால் முதல் ட்ரே. சம்பள உயர்வு மனு என்றால் நேராக இரண்டாவது ட்ரே. முதல் ட்ரேயைத் தினமும் பார்ப்பார். இரண்டாவதை மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து, தூசி தட்டி, மறுபடி வைத்துவிடுவார்.

இந்த ஞானம் அவருக்கு ஏலத்தில் கிடைத்தது. ஊருக்குப் போகிற ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் சாமான்களை விற்றபோது இவர் ஒரு நாற்காலி எடுத்தார். அதற்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால், பழைய கிரேக்க தேசத்துத் தத்துவப் பள்ளிகளின் சரித்திரம். புத்தகம் அலமாரிக்குப் போனது. நாற்காலி அன்று முதல் ஆட ஆரம்பித்தது.

"புக்கைத் திருப்பிக் கீழ வெச்சா நாற்காலி நின்னுடும் சார்" என்றேன்.

"நாற்காலி நின்னுடும்பா. அப்புறம் புத்தி ஆடும்" என்றார்.

கிரேக்கப் பள்ளிகள் பலவற்றில் அவர் சேர்ந்துகொண்டது, நம் கையில் இல்லாததற்குப் பதறக் கூடாது என்கிற ஸ்டோயிக் பள்ளியில். அதை அவர் 'வராண்டாக் கட்சி' என்பார். ஏதென்ஸ் பட்டணத்தில் ஒரு வராண்டாவில் நின்று பாடம் சொன்னதால் அவர்களுக்கு அந்தப் பெயர் வந்ததாம். அதற்காக இவரும் மேஜையை வராண்டாவுக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டார். ஐப்பசி மழையில் இரண்டு ஃபைல் நனைந்து கூழானபோது அதிகாரி கத்தினார். "மழை எந்த ட்ரே சார்?" என்று இவர் அமைதியாகக் கேட்டார்.

ஊரில் எதைப் பார்த்தாலும் அவர் கண்ணுக்குக் கிரேக்க தேசம்தான் தெரியும். எங்கள் தெருவில் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுப்பவர் 'அகாடமி' என்று போர்டு மாட்டினார். இவர் உள்ளே போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"அகாடமின்றது ஏதென்சுல ஒரு தோப்புப் பேருப்பா. ரெண்டாயிரம் வருஷமா உலகம் பூரா அந்தத் தோப்புப் பேரை வெச்சிக்கினு கீது. உன் கடையில மரம் எங்க?"

மறுவாரம் டைப்ரைட்டிங்காரர் வாசலில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி வைத்தார். இவரும் போய்ப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வந்தார்.

பியூன் முனுசாமி விவகாரம்தான் கொஞ்சம் முற்றிப் போனது. மார்கழிக் காலையில் முனுசாமி ஆபீஸ் வாசலில் குந்தி வெயில் காய்ந்துகொண்டிருந்தார். டூர் வந்த அதிகாரி ஒருவர் அவர் எதிரில் நின்று, "உனக்கு என்ன வேணும், கேளு" என்று தாராளமாகச் சொன்னார். முனுசாமி நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், வெயிலு மறைக்குது" என்றார். நாங்கள் நடுங்கிப் போனோம். ரெண்டு ட்ரே சார் மட்டும் வராண்டாவிலிருந்து குதித்து வந்தார்.

"முனுசாமி! பீப்பாயில குடியிருந்த ஒரு பெரிய மனுஷன் ராஜாகிட்ட இதையேதாம்பா சொன்னாரு! நீ நாய்க் கட்சி!"

அந்தக் கட்சிக்கு கிரேக்கத்தில் நாயின் பெயர்தான் என்று அவர் விளக்குவதற்குள் முனுசாமி எழுந்து போய்விட்டார். "பதினஞ்சு வருஷம் சர்வீசு. என்னை நாயின்னு சொல்லிட்டாரே" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, ஒரு வாரம் அவர் மேஜைக்குத் தண்ணீர் வைக்கவில்லை. இவர் கிணற்றடிக்குப் போய்க் குடித்துவிட்டு வந்தார்.

பிறகு எல்லைத் தகராறு சூடு பிடித்தது. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராசுக்கு என்று இழுபறி. வீட்டில் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று கேட்டு எழுத எங்களை நகரிப் பக்கம் அனுப்பினார்கள். ஒரு விவசாயி யோசித்துச் சொன்னார்: "எருமைகிட்ட தெலுங்கு, சம்சாரத்துகிட்ட தமிழு. கோவம் வந்தா ரெண்டும்."

பாஷைக்கான கட்டத்தில் ரெண்டு ட்ரே சார், 'தீர்ப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது' என்று எழுதினார். எதையும் சட்டென்று முடிவு கட்டாத 'சந்தேகக் கட்சி' ஒன்று கிரேக்கத்தில் இருந்ததாம். மேலிடம் சிவப்பு மையில் திட்டித் திருப்பி அனுப்பியது. இவர் அதையே மறுபடி எழுதி அனுப்பினார். கடைசியில் அதிகாரியே ஜீப்பில் வந்து, அந்த விவசாயியிடம் நீ தமிழா தெலுங்கா என்று கேட்டார். "இவ்ளோ தூரம் வந்துக்கீறீங்க. முதல்ல ரெண்டு வாய் துன்னுங்க, தருவாத்த பேசிக்கலாம்" என்றார் விவசாயி. அதிகாரி களியும் கோழிக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, கேட்க வந்ததை மறந்துவிட்டுப் போனார்.

அடுத்து என் தலைக்கே வந்தது. குமாஸ்தாக்கள் எந்த ராஜ்யத்தில் வேலை பார்க்க விருப்பம் என்று படிவம் கொடுத்தார்கள். படிவம் வராதவர்களைத் தாய்மொழி பார்த்துத் தள்ளிவிடுவார்கள் என்று பேச்சு. நான் தமிழ். என் மனைவி வசந்தா திருப்பதியில் பெண்கள் பள்ளி டீச்சர். "நீங்க போறதுன்னா போங்க. எனக்கு ஸ்கூல் இங்கதான்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். கல்யாணமாகி எட்டு மாதம். 'மதராஸ் / ஆந்திரா, வேண்டாததை அடிக்கவும்' என்று இருந்த இடத்தில் மதராசை அழுத்தி அடித்துவிட்டு, படிவத்தை முனுசாமியிடம் கொடுத்தேன்.

முனுசாமி எழுத்துக் கூட்டிப் படிப்பார். மதராஸ், எல்லை என்று எது கண்ணில் பட்டாலும் இரண்டாவது ட்ரேயில் போட வேண்டும் என்பது அவருக்கு நிரந்தர உத்தரவு. பாவம், நான் அடித்திருந்த எழுத்தையும் சேர்த்துப் படித்து, இரண்டாவது ட்ரேயில் போட்டுவிட்டார்.

கடைசி நாள் மத்தியானம் ஒரு மணிக்கு ரெண்டு ட்ரே சார் மாதாந்திரத் தூசி தட்டலை ஆரம்பித்தார். என் படிவம் கையில் வந்தது. அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது. அன்று மாலை ஐந்துக்குள் அவர் கையெழுத்தோடு அது திருப்பதி ஆபீசில் இருக்க வேண்டும்.

"நிக்காதப்பா, ஓடு!"

சித்தூர் பஸ் ஸ்டாண்டு வரை அவர்தான் முன்னால் ஓடினார். வழியில் பூதலப்பட்டில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். இவரும் இறங்கிப் போய், டிரைவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கித் தானே ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "டீ ஆச்சு. எடுப்பா வண்டிய" என்றார். திருப்பதியில் ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கவுண்டர்காரர் ரிஜிஸ்தரை மூடிக்கொண்டு, "ரேப்பு ரண்டி" என்றார்.

"நாளைக்கு வர்றதா? இன்னிக்கே வாங்கு! இவன் சம்சாரம் இந்த ஊர்ல டீச்சர்யா!" என்று தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, இங்கிலீஷில் முடித்து, மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். கவுண்டர்காரர் பயந்து போய் சீல் குத்திவிட்டார்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"சார், உங்க வராண்டாக் கட்சில பதறலாமா?" என்றேன், சும்மா இருக்க முடியாமல்.

அவர் சிரிக்கவில்லை. "கல்யாணம் ஆன புதுசு. நீ மதராஸ்ல ஓட்டல்ல துன்னுக்கினு தனியா கெடப்பியேன்னு நெனச்சேன். பயந்துட்டம்பா" என்றார். சட்டை நுனியைப் பிழிந்துகொண்டே, "ஆபீஸ்ல சொல்லிடாத" என்றார்.

நான் சொல்லவில்லை. அவர் திருத்தணிக்காரர், பிரிவினையில் மதராஸ் பக்கம் போனார். வழியனுப்பு விழாவில் எதற்கும் பதறாதவர் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நானும் கை தட்டினேன். என்னைப் பெற்ற நைனாகூட எனக்காக அப்படி ஓடியதில்லை.