ஹோர்வாத் வருகிறார்

ஜெர்மனிக்காரத் தம்பதி மூன்றாம் மாடியில் பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான், கீழே வாசலில் நின்ற வீட்டுக்காரர் ஃப்ரானேயின் கைப்பேசியில் அந்தச் சேதி வந்து விழுந்தது. 'உங்கள் விருந்தினர் ஹோர்வாத், ஊர் ஜாக்ரெப், இரண்டு பேர், ஒரு வாரம். இன்று மாலை நான்கு மணிக்கு வருகிறார்.'

வீடு ஒன்றுதான். வாரமும் அதே வாரம்தான்.

ஸ்ப்ளிட் நகரத்தின் பழைய அரண்மனைச் சுவருக்குள் இருந்த அந்த வீட்டில், கட்டிலில் படுத்தபடியே கடலைப் பார்க்கலாம். அதனாலேயே ஜூன் பிறந்தால் ஃப்ரானேக்கும் அவர் மனைவி டிங்காவுக்கும் அங்கே இடம் கிடையாது. வீட்டை வெளியூர்க்காரர்களுக்கு விட்டுவிட்டு, கீழே ஒயின் பீப்பாய் வைக்கிற நிலவறையில் இரண்டு மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டு செப்டம்பர் வரை கிடப்பார்கள். அந்தத் தெருவில் பாதிப் பேருடைய கோடை அப்படித்தான் கழியும்.

ஜெர்மனிக்காரர்களுக்கு ஃப்ரானே தொலைபேசியிலேயே வீட்டைக் கொடுத்திருந்தார். இணையதளத்தில் அந்த வாரத்தை அடைத்து வைக்க மறந்துபோனார். இதே கூத்து போன வருஷமும் நடந்தது. அப்போது டிங்கா சத்தம் போடவில்லை. "இன்னொரு தடவை ஒரே கட்டில்ல நாலு பேரைப் படுக்க வச்சீங்க, நான் பிராச் தீவுக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் உங்க வாடகையும் கட்டிப் புடிச்சிட்டுக் கிடங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் சத்தம் போடாமல் சொல்வதைத்தான் செய்வாள் என்பது ஃப்ரானேக்குத் தெரியும்.

மணி பதினொன்று. டிங்கா தபால் அலுவலகத்தில் அரைநாள் வேலை முடித்து ஒரு மணிக்கு வருவாள். அதற்குள் விஷயத்தை அமுக்கிவிட வேண்டும்.

முதலில் ஹோர்வாத்துக்கு ஒரு சேதி அனுப்பினார். அதே கட்டடத்தில் கீழ்த்தளம் இருக்கிறது, ரோமானியர் காலத்துச் சுவர், வெயிலே எட்டாது, அரசர்கள் படுத்த இடமாகக்கூட இருக்கலாம் என்றெல்லாம் அளந்துவிட்டார். இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது. 'அந்த ஜன்னலுக்காகத்தான் எடுத்தது. மாற்ற வேண்டாம்.'

சரி, அப்படியானால் ஜெர்மனிக்காரர்களைத்தான் கீழே இறக்க வேண்டும். ஃப்ரானே மேலே ஏறினார். வழியில் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டார். குளியலறைச் சுவருக்குள் குழாய் உடைந்திருக்கிறது, எந்த நேரமும் வெள்ளம் வரலாம், கீழே குளிர்ச்சியான அறை ஒன்று இருக்கிறது என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னார்.

கணவர் டெட்லெஃப்பின் கண்கள் பளபளத்தன. மனைவி குட்ருன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இதை ஏன் இவர்கிட்டப் போய்ச் சொன்னீங்க?" என்றாள் அவள். "நாப்பது வருஷம் குழாய் வேலை பார்த்த மனுஷன். ஓய்வு வாங்கி ஆறு மாசமா எங்க வீட்டுக் குழாயைக் கழட்டிக் கழட்டி மாட்டிட்டு இருக்கார். அதுல இருந்து தப்பிக்கத்தான் நான் இவரை இங்க இழுத்துட்டு வந்தேன்."

ஃப்ரானே தடுப்பதற்குள் டெட்லெஃப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துவிட்டார். குளியலறைச் சுவரில் காதை வைத்துக் கேட்டார். இரண்டு ஓடுகளைப் பெயர்த்தார். உள்ளே, ஃப்ரானேயின் தாத்தா காலத்துக் குழாய் ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. டெட்லெஃப் அதை நம்பவில்லை. ஒரு திருகு திருகினார்.

பொய் மெய்யாயிற்று.

தண்ணீர் பீறிட்டுக் குளியலறையை நிறைத்து, கூடத்தைத் தாண்டி, படிக்கட்டில் இறங்கி, கூசாமல் நிலவறைக்குள் நுழைந்தது. ஃப்ரானே வழுக்கி, எழுந்து, ஓடிப்போய்த் தெருமுனையிலிருந்த வால்வை மூடினார். அதில் தெருவுக்கே தண்ணீர் நின்றது. பக்கத்துச் சலூன்காரர் பாதித் தலை நுரையோடு ஒரு வாடிக்கையாளரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, "இந்தத் தலையை யாரு கழுவுறது?" என்று நியாயம் கேட்டார். அந்தத் தலைக்குரியவர் காவல் நிலையத்தில் பெரிய ஆள். ஃப்ரானே குடிதண்ணீர்ப் புட்டிகள் ஆறு வாங்கி, நடுத்தெருவில் தன் கையாலேயே அந்தத் தலையைக் கழுவிவிட்டார்.

கழுவி நிமிர்ந்தால் எதிரே டிங்கா.

அவளை வாசலிலேயே மறித்தார். மாடிப் பக்கம் போகவிட்டால் ஜெர்மன் பேச்சு காதில் விழும். நிலவறை மூழ்கிப்போயிற்று, மேலேயும் ஒழுகுகிறது, ராத்திரி தங்க முடியாது, நீ பிராச்சுக்கு அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வா என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

"இன்னிக்கேவா?" என்றாள் டிங்கா.

"இன்னிக்கேதான். ரெண்டரை மணிக் கப்பலைப் பிடிச்சிடு."

அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு துறைமுகத்தைப் பார்த்து நடந்தாள். அவள் முகம் போன போக்கு ஃப்ரானேயை என்னவோ செய்தது. ஆனாலும் அவள் இல்லாதது நிம்மதியாகவும் இருந்தது.

நான்கு மணிக்குள் டெட்லெஃப் குழாயைப் புதிதுபோல் மாட்டிவிட்டார். குட்ருன் கூடத்தைத் துடைத்தபடி, இவர் சிரித்துப் பார்த்து ஆறு மாசமாயிற்று, இந்த வீட்டைவிட்டு நாங்கள் நகர மாட்டோம் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு ஃப்ரானே வாசலுக்கு வந்தபோது, கையில் பெரிய அட்டைப்பெட்டியோடு நாற்பது வயதுப் பெண்ணொருத்தி நின்றிருந்தாள்.

"நான் மிரெலா ஹோர்வாத்" என்றாள்.

ஃப்ரானேக்கு இனிப் பொய் சொல்லத் தெம்பில்லை. "அம்மா, உண்மையைச் சொல்லிடறேன். வீட்டை ரெண்டு பேருக்குக் குடுத்துட்டேன். தப்பு என் மேலதான். உங்களுக்கு வேற நல்ல இடமாப் பார்த்துத் தரேன். என் பொண்டாட்டி காதுக்கு மட்டும் இது போக வேண்டாம். அவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் தீவுக்கே அனுப்பி வச்சிருக்கேன்."

அவள் பெட்டியைப் படியில் மெதுவாக இறக்கி வைத்தாள்.

"நான் சும்மா பேரும் ஒரு பொய் ஊரும் குடுத்தவ சார், தபால் ஆபீஸ்ல டிங்கா அக்காவோட புதுசா வேலைக்குச் சேர்ந்தவ, முப்பதாவது கல்யாண நாளுக்கு ஒரு வாரமாவது உங்களோட அந்தக் கடல் ஜன்னல் வீட்ல இருக்கணும்னு, மத்தவங்களை மாதிரியே முழு வாடகையும் கட்டிப் பதிவு பண்ணினது அவங்கதான்."