மறுதாக்கம் இல்லாத மனிசி

மோட்டார் இரண்டு தரம் இருமியது, ஒரு தரம் விக்கியது, பிறகு வாயை மூடிக்கொண்டது.

முந்தின நாள் மழையில் தேங்கிய செம்மண் குட்டைக்குள் நான்கு சக்கரமும் நின்றன. குட்டையைத் தாண்டி ஒரு முழம் போனால் கூலாய் ரயில் ஸ்டேஷன் வரைக்கும் இறக்கம்தான். இயந்திரம் ஓடாவிட்டாலும் வண்டி உருண்டே போய்ச் சேரும். அந்த ஒரு முழத்துக்கு முன்னால்தான் அது மக்கர் செய்தது.

"நிண்டுட்டுதோ?" என்று பக்கத்து இருக்கையிலிருந்து கேட்டாள் செல்லப்பாக்கியம். மடியில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம் அடுக்கிய வெள்ளித் தாம்பாளம்.

"நிக்கேல்லை. யோசிக்குது" என்றார் சிவசம்பு.

சிவசம்பு ரப்பர் தோட்டத்தில் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி. மலாயாவுக்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் கொஞ்ச காலம் பௌதிகம் படிப்பித்தவர். கப்பலேறியபோது மற்றப் பாடங்களையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, நியூட்டனின் மூன்றாம் விதியை மட்டும் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஒன்றை நாம் தள்ளினால் அதுவும் நம்மை அதே அளவு திருப்பித் தள்ளும். தாக்கம் என்று ஒன்றிருந்தால், அதற்குச் சமனும் எதிருமான மறுதாக்கம் இருந்தே தீரும். சம்பள நாள் தகராறு முதல் குழம்பில் உப்புக் கூடியது வரைக்கும் எல்லாப் பூட்டுக்கும் அவரிடம் இந்த ஒரே சாவிதான்.

அந்தச் சாவிக்குத் திறக்காத பூட்டு உலகத்தில் ஒன்றே ஒன்று. அது செல்லப்பாக்கியம். கல்யாணமான நாள் முதல் அவர் என்ன சொன்னாலும் "ஓம், நீங்கள் சொன்னாச் சரி" என்பாள். எதிர்ப்பேச்சு இல்லை, முகச்சுளிப்பு இல்லை. பெக்கோக் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டு போகலாம் என்றார், "ஓம்" என்றாள். பாவம், அந்த நேரம் பார்த்து அவளுக்கு இடுப்புப் பிடித்து, மாற்றல் தப்பிப் போயிற்று. அவருடைய அக்காவை ஊரிலிருந்து கூப்பிட்டு நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்றார், "ஓம்" என்றாள். அக்காவுக்கென்று ஒதுக்கிய அறையில் மட்டும் கூரை ஒழுகத் தொடங்கியது. காலம் கூடிவராததற்கு அவள் என்ன செய்வாள்? 'மறுதாக்கம் இல்லாத மனிசி' என்று சிநேகிதர்களிடம் அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

இன்றைக்கும் அப்படித்தான். சிரம்பானில் இருக்கும் சோமசேகரம் தம்முடைய மகனுக்கு இவர்களுடைய மகள் கமலாம்பிகையைக் கேட்டிருந்தார். மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம்; வயது முப்பத்தைந்து; முன்தலையில் முடி உத்தியோகத்தை விட்டு ஓய்வு பெற்றாயிற்று. சோமசேகரம் சிங்கப்பூரில் கப்பலேறி ஊருக்குப் போகிறார். "என்ரை ரயில் கூலாயிலை நிக்கும். நீர் தாம்பாளத்தோடை வந்து ஜன்னலுக்குள்ளாலை தந்தால் சம்மதம். வராட்டில் எனக்கு விளங்கும். ஊரிலை இன்னொரு பொம்பிளை பாத்து வைச்சிருக்கினம்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

கமலாம்பிகைக்குப் பதினேழு வயது. "இன்னும் ரெண்டு வருசம் படிச்சு டீச்சராகிறன் அப்பா" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். சிவசம்பு மறுத்துவிட்டார். அவர் கல்நெஞ்சுக்காரர் அல்ல. ரப்பர் விலை விழுந்து, துரைமார்களே மூட்டை கட்டுகிற காலம். நாளைக்குத் தம் வேலை போனால், தமக்கே ஒன்று ஆனால், பிள்ளை நடுத்தெருவில் நிற்குமே என்ற பயம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. மகள் அழவில்லை. காலையில் அவருக்குக் கோப்பி கொண்டுவந்து வைத்து, "வெள்ளைக் கோட்டு, அப்பா. சேறு படாமல் போட்டு வாங்கோ" என்றாள். அழுதிருந்தால் அதட்டியிருக்கலாம். இதற்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"நேரமாகுது" என்றாள் செல்லப்பாக்கியம் இப்போது.

சிவசம்பு இறங்கினார். வண்டியின் மூக்கில் கைப்பிடியைச் செருகிப் பலங்கொண்ட மட்டும் சுழற்றினார். இயந்திரம் அரைச் சுற்றுச் சுற்றி, எதிர்ப்பக்கமாக ஓர் உதை உதைத்தது. கைப்பிடி திரும்பி வந்து அவர் மணிக்கட்டில் அடித்தது.

"ஐயோ! நொந்து போச்சோ?"

"இது நோவில்லை. மறுதாக்கம்" என்றார் அவர், கையை உதறிக்கொண்டே.

அடுத்தது தள்ளுவது. தள்ளுகிறவர் சுக்கானைப் பிடிக்க முடியாது. ஆகவே தாம்பாளத்தைப் பின்னிருக்கைக்கு அனுப்பிவிட்டு, செல்லப்பாக்கியத்தைச் சாரதி இடத்தில் உட்கார வைத்தார்.

"சுக்கானை நேராய்ப் பிடியும். வண்டி இறக்கத்திலை வேகம் எடுத்தால் நடு மிதியை அமத்தும், நிண்டுடும். மற்ற ரெண்டையும் தொட வேண்டாம். பயப்பிடாதையும்."

"ஓம், நீங்கள் சொன்னாச் சரி" என்றாள் அவள்.

சிவசம்பு பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். வண்டியை அவர் முன்னுக்குத் தள்ள, வண்டி அவரைப் பின்னுக்குத் தள்ள, நடுவில் இருந்த சேறு யார் கட்சி என்று உடனே காட்டிவிட்டது. வெள்ளைக் கோட்டோடு முகங்குப்புற விழுந்தார்.

எழுந்து கண்ணைத் துடைத்தபோது எதிரே ஐயாசாமி நின்றான். தோட்டத்து ரப்பர்த் தகடுகளை மாட்டுவண்டியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறவன்.

"அலமாக்! கிராணி ஐயாவா? நான் எருமைன்னுல்ல நெனச்சேன்!"

"விளக்கம் பிறகு சொல்லுறன். மாட்டைப் பூட்டி இழு!"

ஐயாசாமி கயிற்றை மோட்டாரின் பம்பரில் கட்டி, மறு நுனியை மாட்டுவண்டியில் முடிந்தான். "ஹேய்!" என்றான். மாடுகள் கழுத்தைக் கொடுத்து இழுத்தன. கயிறு விறைத்தது. மோட்டார் அசையவில்லை. மாடுகள் மறுபடியும் இழுத்தன. படாரென்று பம்பர் கழன்றது. பிடி விட்ட வேகத்தில் மாடுகள் பாதையை விட்டு லாலாங் புல்லுக்குள் பாய, மாட்டுவண்டி பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் சரிந்தது. தோட்டத்து ரப்பர்த் தகடுகளெல்லாம் சேற்றில் பாய் விரித்தன.

"இதுக்கும் ஏதாச்சும் பேரு இருக்குங்களா ஐயா?" என்று கேட்டான் ஐயாசாமி.

"இருக்கு. நியூட்டன் சொல்லியிருக்கிறார்."

"அவரு எந்தத் தோட்டத்து தொரைங்க?"

அதற்குள் ரப்பர்ப் பால் எடுத்து முடித்த வெட்டுக்காரர்கள் வாளிகளோடு அந்தப் பக்கமாக வந்தார்கள். முன்னால் வந்த ராசம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாரதிப் பக்கத்துக் கதவைப் பிடித்தாள். மற்றவர்கள் பின்னாலும் பக்கவாட்டிலும் சூழ்ந்தார்கள். சாமி தேரைத் தள்ள இத்தனை பேர் வந்ததில்லை.

"எல்லாரும் கேளுங்கோ!" என்றார் சிவசம்பு. வாத்தியார் வேலை அவரை விட்டுப் போகவில்லை. "வெறுங்கையாலை தள்ளினால் பத்தாது. காலாலை பூமியை நல்லாய்ப் பின்னுக்கு உதையுங்கோ. பூமி உங்களைத் திருப்பி முன்னுக்குத் தள்ளும். நீங்கள் எவ்வளவு தள்ளுறியளோ அவ்வளவும் திரும்பி வரும்!"

ஐயாசாமி தலையைச் சொறிந்தான். "அப்ப நாம தள்ளத் தள்ள அதுவும் எதுத்துத் தள்ளுது. சும்மா விட்டுட்டா அதுவும் சும்மா இருக்கும். வண்டி தன்னால போயிடுமில்ல?"

கூட்டம் சிரித்தது. சிவசம்புவும் சிரித்தார். "மடையா! தள்ளாமல் உலகத்திலை எது அசையும்?"

"சத்து... டுவா... தீகா! தோலாக்!" என்று ஒருவன் மலாயில் எண்ணிக் குரல் கொடுத்தான். எல்லோரும் தள்ளினார்கள். கால்கள் புதைந்தன. சேறு பறந்தது. குட்டை ஆழமானது. மோட்டார் மட்டும் பிள்ளையார் மாதிரி இருந்த இடத்தில் இருந்தது.

"இன்னும் ஒருக்கா!"

தள்ளினார்கள். ஒருவன் வழுக்கி இன்னொருவன் மேல் விழ, இரண்டு வாளி கவிழ்ந்து, மிச்சமிருந்த பால் சிவசம்புவின் கோட்டில் ஊற்றியது. செம்மண்ணும் ரப்பர்ப் பாலும் சேர்ந்து அவர் மேலேயே உறையத் தொடங்கின.

"நான் இறங்கித் தள்ளட்டோ?" என்று ஜன்னல் வழியே கேட்டாள் செல்லப்பாக்கியம், உண்மையான கவலையோடு.

"வேண்டாம்! நீர் அப்பிடியே இரும்! நீர் இருக்கிறதுதான் எனக்குப் பலம்!"

"ஓம், நீங்கள் சொன்னாச் சரி."

அப்போது காட்டுக்கு அப்பாலிருந்து ரயில் கூவியது. நீளமாக ஒரு கூவல். புறப்படும் கூவல் அது என்று அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். இரும்புச் சக்கரங்களின் ஓசை மெல்லத் தொடங்கி, வேகமெடுத்து, தெற்கே தேய்ந்து போயிற்று. சோமசேகரத்துக்கு விளங்கியிருக்கும்.

தள்ளிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்து வேட்டியிலும் சேலையிலும் துடைத்துக்கொண்டார்கள்.

"விதி" என்றாள் செல்லப்பாக்கியம் உள்ளேயிருந்து, பெருமூச்சோடு.

"எந்த விதி? மூண்டாம் விதியோ?" என்றார் சிவசம்பு கசப்பாக.

"அது நீங்கள்தான் படிச்சனியள்."

அவர் அங்கேயே நின்றார். இவ்வளவு தள்ளியும் காரியம் நடக்கவில்லை. துக்கப்பட வேண்டிய நேரம். மனதுக்குள் கை விட்டுத் துழாவிப் பார்த்தார், துக்கம் அகப்படவில்லை. அகப்பட்டது வேறு. வீட்டுக்குப் போனால் மகள் இந்தக் கோட்டைப் பார்ப்பாள், சிரிப்பாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. இன்னும் இரண்டு வருடத்துக்குள் ரப்பர் ஒன்றும் அடியோடு அழிந்துவிடாது. டீச்சர் வேலையும் அரசாங்க உத்தியோகந்தானே? ஒருவரை நம்பி நிற்பதைவிடத் தன் காலில் நிற்பது திறமான பலமில்லையா? மூன்றாம் விதி தெரிந்த மனிதனுக்கு இந்தச் சின்னக் கணக்கு ஏன் இவ்வளவு நாள் விளங்கவில்லை?

அவருக்கு நெஞ்சு லேசானது. கால்தான் களைத்துப் போயிருந்தது. திரும்பி, மோட்டாரின் முதுகில் தம் முதுகை மெல்லச் சாய்த்தார்.

மோட்டார் போய்விட்டது.

சிவசம்பு மல்லாக்கக் குட்டையில் விழுந்தார். வண்டி குட்டையை விட்டுச் சுகமாக ஏறி, இறக்கத்தில் உருண்டு, பாதையோரத்து மர நிழலில் போய் ஒழுங்காக நின்றது. பின்னிருக்கைத் தாம்பாளத்திலிருந்து ஒரு வெற்றிலைகூடக் கீழே விழவில்லை.

"பாத்தீங்களா! தள்ளாம விட்டா தன்னால போகும்னு நான் சொன்னேன்ல!" என்று குதித்தான் ஐயாசாமி.

சிவசம்பு சேற்றுக்குள் எழுந்து உட்கார்ந்தார். படித்த படிப்பெல்லாம் கண்முன் ஆட்டம் கண்டது. "எப்பிடி? மாடு இழுத்து அசையேல்லை. இத்தனை சனம் தள்ளி அசையேல்லை. சாஞ்ச உடனை எப்பிடிப் போகும்? இதுக்கு விதியே இல்லையே!"

கதவோரம் நின்றிருந்த ராசம்மா, இதிலென்ன அதிசயம் என்பதுபோல் கவிழ்ந்த வாளியை நிமிர்த்திக்கொண்டே சொன்னாள்:

"ரயிலு கூவினதும் அம்மா நடு மிதியிலருந்து காலை எடுத்துட்டாங்களே ஐயா, அதாங்க."