காகிதத்துக்கு ஏர்கோன்

பூனை வளர்ப்பவர் யார் என்று வாசலிலேயே மூக்கு சொல்லிவிடும். அசல் பக்கம் சேர்ப்பவரைக் கண்டுபிடிக்க வேறு வழி. வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு மதியம் அவர் வீட்டுக்குப் போங்கள். எல்லாரும் எங்கே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஏர்கோன் எந்த அறையில் குளிரக் குளிர ஓடுகிறது என்று பாருங்கள். ஏர்கோன் ஓடும் அறையில் ஓர் ஆள்கூட இல்லையா? சந்தேகமே வேண்டாம். அவர்தான்.

அசல் பக்கம் என்றால் காமிக்ஸ் புத்தகம் என்று நினைத்துவிடாதீர்கள். புத்தகமாவது புரட்டலாம், பொழுது போகும். இது, புத்தகம் அச்சாவதற்கு முன்னால் ஓவியர் கெட்டித் தாளில் பென்சிலால் கீறி, அதன்மேல் கறுப்பு மையால் இழுத்து, தப்பாகப் போனதை வெள்ளைப் பூச்சு பூசி மறைத்து, அச்சகத்துக்குக் கொடுத்தனுப்பிய தாள். அச்சடித்ததும் அதன் வேலை முடிந்தது. நியாயமாகக் குப்பைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கிள்ளானில் யுகேந்திரன் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்துவிட்டது.

யுகேந்திரனை இந்த இனத்துக்கு ஒரு சாம்பிள் என்று வைத்துக்கொள்ளலாம். துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. இருபது வருஷத்துக்கு மேலாகச் சேர்க்கிறார். படம் என்று சொன்னால் கோபம் வரும், "பக்கம்" என்றுதான் சொல்ல வேண்டும். புது ஷூ வாங்கியவர் வீட்டுக்குப் போனால் ஷூவைப் பார்க்க மாட்டார். டப்பாவுக்குள் கையை விட்டு, ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலத்தை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களைக்கூட விட மாட்டார். கை கழுவச் சொல்லி, துடைக்கச் சொல்லி, வெள்ளைக் கையுறை மாட்டிவிட்டு, பின்னறைக்குள் தள்ளிக்கொண்டு போவார்.

"தும்மல் வந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. வெளிய போயிடலாம்."

மனைவி தங்கமணிக்கு எரிச்சல் மூட்டுவது வேறொன்று. குழம்பில் உப்பு ஒரு சிட்டிகை கூடினால் மனிதர் அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஆனால் ஓவியர் ஒரு கைக்கு ஆறு விரல் போட்டு, ஒன்றை வெள்ளையடித்து மறைத்திருந்தால் கண் கலங்கிவிடும். "தப்பு இருந்தாத்தான், தங்கம், ஒரிஜினல்!" இந்த ஞானம் ஏன் குழம்புவரைக்கும் வருவதில்லை?

இன்னொரு கூத்தும் உண்டு. இவர்களுக்குக் கதை தெரியாது. யுகேந்திரனின் சேகரிப்பிலேயே ராஜா, ஒரு துப்பறியும் கதையின் பதினேழாம் பக்கம். மீசை வைத்த துப்பறிவாளர் பாலத்துக் கம்பியை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்குகிறார். கீழே முதலை வாயைத் திறந்து காத்திருக்கிறது. பிழைத்தாரா? பதினெட்டாம் பக்கத்தில் தெரியும். பதினெட்டாம் பக்கம் காஜாங்கில் லோகனிடம் இருக்கிறது. இவர் அவரிடம் கேட்கிறார், அவர் இவரிடம் கேட்கிறார், இரண்டு பேரும் கொடுப்பதாக இல்லை. ஆகவே நண்பர்களாக இருக்கிறார்கள். "லோகனுக்கு பிரஷர் இப்ப எப்படியாம்?" என்று யுகேந்திரன் அக்கறையாக விசாரிப்பார். வீட்டுக்கு வந்தால் லோகனும் முதல் வேலையாக, "அண்ணனுக்கு சுகர் எப்படி இருக்கு அண்ணி?" என்பார். ஒருவர் போனால் இன்னொருவர் மறுநாளே துக்கம் விசாரிக்க வருவார். பெரிய அட்டைப் பையோடு.

அந்தப் பதினேழாம் பக்கம் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால் தங்கமணி ஆன்லைனில் ஒரு தோசைக்கல் ஆர்டர் செய்திருந்தார். தட்டையாக, கனமாக ஒரு பார்சல் வந்தது. பெயரைப் பார்க்காமல் பிரித்தார். பலகைக்குள் பலகை, அட்டைக்குள் அட்டை, கடைசியில் ஒரு காகிதம். தோசைக்கல் அடியில் இருக்குமோ என்று காகிதத்தை உறையிலிருந்து எடுத்து மேசையில் போட்டார். அந்த நேரம் பார்த்து போன் அடிக்க, கையிலிருந்த கோப்பியை எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல் வைத்துவிட்டார். பேசி முடித்துக் கப்பைத் தூக்கினால், முதலைக்குக் கீழே, இடது பக்க வெள்ளை ஓரத்தில், பழுப்பாக ஒரு வட்டம்.

வேறு என்ன செய்வது? பழையபடி பொட்டலம் கட்டி, டேப் ஒட்டி, வாங்கப் போகும் திட்டுக்கு மனசைத் தயார் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் யுகேந்திரன் பிரித்தார். விற்றவன் அனுப்பிய போட்டோவில் அந்த ஓரம் விழவில்லை போலிருக்கிறது. "தங்கம்!" என்று வீடே அதிர ஒரு சத்தம்.

"ஏங்க, அது வந்து..."

"இங்க பாரு! கோப்பி! அந்த மனுஷன் கோப்பி குடிச்சிக்கிட்டே வரைஞ்சிருக்காரு!"

"இல்லங்க, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"நீ சும்மா இரு. உனக்கு இதெல்லாம் புரியாது."

புரியாது என்றால் சரி. தங்கமணி வாயை மூடிக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வட்டத்துக்கு வந்த வாழ்வைச் சொல்லி முடியாது. மாதம் ஒரு ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கூடும் ஐந்து அசல் பக்கக்காரர்களும் ரசத்தைக் குடித்துவிட்டு அதைப் பற்றியே பேசினார்கள். கோப்பியா, தேநீரா? வட்டம் இடது ஓரத்தில் இருப்பதால் ஓவியருக்கு இடது கைப் பழக்கமோ? வட்டத்தில் ஓரிடம் நகத்தளவு விட்டுப்போயிருந்தது. யுகேந்திரன் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "முழுசா மூடல பாத்தீங்களா? பதறி எடுத்திருக்காரு பாஸ். பாவம், டெட்லைன்!"

டெட்லைனாவது ஒன்றாவது. தங்கமணியின் பச்சைக் கப்புக்கு அடியில் நகத்தளவு உடைந்திருந்தது. அந்தக் கப் அவர்கள் வீட்டுச் சமையலறையில் இன்னமும் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் மகள் மலர் ஒன்பதாம் மாச வயிற்றோடு ஜொகூரிலிருந்து பிரசவத்துக்கு வந்து இறங்கினாள். பின்னறை அவள் வளர்ந்த அறை. படிக்கப் போன வருஷமே கட்டில் போய், காகிதம் வந்துவிட்டது. இப்போது அவளுக்கு ஹாலில் மெத்தை. கால் இரண்டும் வீங்கி, சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளால் விசிறிக்கொண்டு, புரண்டு படுக்க முடியாமல் கிடந்தாள்.

"ஏங்க, அந்த ரூம காலி பண்ணிக் குடுங்க. பிள்ள தூங்கி நாலு நாளாச்சு."

"பிள்ள பெத்தவளுக்கு ஏர்கோன் காத்து ஆகாதுன்னு உங்க பெரியவங்கதானே சொல்வாங்க?"

"பெத்த பிறகுதான் ஆகாது. இவ இன்னும் பெறல."

"பெத்ததும் திரும்ப மாத்தணும்ல? ரெண்டு வாரத்துக்கு எதுக்கு ரெட்டை வேலை? பக்கத்துக்கு ஈரம் பட்டா பூஞ்சை புடிச்சிரும் தங்கம். புடிச்சா போகாதுலா."

"அப்பா," என்றாள் மலர், "எனக்குப் பூஞ்சை புடிச்சா பரவாயில்லையா?"

யுகேந்திரன் கடைக்குப் போய் மகளுக்கு ஒரு ஃபேன் வாங்கி வந்தார். நல்ல மனிதர்தான். ஃபேன் டப்பாவுக்குள் மணிப் பொட்டலம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை லோகன் வந்தார். சுகர் விசாரிப்பு முடிந்தது. "அந்த வட்டத்த ஒரு தடவ காட்டுங்கண்ணே," என்றார். பதினேழாம் பக்கம் சாப்பாட்டு மேசைக்கு எழுந்தருளியது. இருவரும் கையுறை மாட்டினார்கள். லோகன் பூதக்கண்ணாடியோடு மூக்கு தாளில் படாத குறையாகக் குனிந்துவிட்டார்.

தங்கமணி சமையலறையிலிருந்து பார்த்தார். ஹாலில் மகள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பின்னறையில் ஏர்கோன் சுகமாக முனகிக்கொண்டிருந்தது. கையை நீட்டிப் பச்சைக் கப்பை எடுத்தார். கோப்பியை விளிம்புவரை ஊற்றினார். வழிந்து அடியெல்லாம் நனையட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

"தங்கம், கோப்பி பக்கத்துக்குக் கிட்ட வேணாம்!"

"தெரியும்லா. தள்ளித்தான் வைக்கிறேன்."

மேசையின் அந்தக் கோடியில், யுகேந்திரனின் கண்ணுக்கு நேராக, பழைய பேப்பர் ஒன்று விரிந்து கிடந்தது. அதன்மேல் வைத்தார். நன்றாக அழுத்தி வைத்தார். பிறகு எதையோ மறந்தவர்போலத் தூக்கினார்.

பழுப்பாக ஒரு வட்டம். நகத்தளவு விட்டுப்போன ஓர் இடம்.

யுகேந்திரன் பேப்பரைப் பார்த்தார். பக்கத்தைப் பார்த்தார். கப்பின் அடியைப் பார்த்தார். மறுபடியும் பேப்பரைப் பார்த்தார். துப்பறிவாளர் எட்டு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறாரே, அவர் முகத்தில்கூட அப்படியொரு பீதி இல்லை.

"என்னா ஒரு அவசரம்ணே," என்றார் லோகன், குனிந்தபடியே. "கை நடுங்கியிருக்கு பாருங்க."

"லோகன் தம்பி," என்றார் தங்கமணி, "இந்த வட்டத்த பத்தி எனக்கும் ஒரு விஷயம் தெரியும்."

"மலருக்கு அந்த ரூம குடுத்திடலாம்!" யுகேந்திரனின் கையுறைக் கை பேப்பரைக் கசக்கிச் சுருட்டிவிட்டது. "நேத்தே நினைச்சேன். சொல்ல மறந்துட்டேன்."

லோகன் தலையைத் தூக்கினார். "என்னா விஷயம் அண்ணி?"

"ஒண்ணுமில்ல தம்பி. கோப்பிக்கு சீனி போதுமான்னு கேக்க வந்தேன்."

அன்று சாயங்காலமே அறை காலியாகத் தொடங்கியது. காகிதங்களை எங்கே வைப்பது? யுகேந்திரன் பெட்டியை அணைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஹாலில், கண்ணாடிக் கதவு போட்டு, பூட்டி, தூசி நுழையாத ஓர் இடம் இருந்தது. தங்கமணியின் ஷோகேஸ். உள்ளே ரோஜாப்பூ போட்ட பீங்கான் தட்டுகள், பெரியது, சின்னது, குழம்புக் கிண்ணம், எல்லாம் அடுக்கு அடுக்காக.

"இந்தத் தட்டுங்கள கொஞ்சம் எடுத்தா..."

"தட்டு மேல கை வைங்க. லோகனுக்கு இப்பவே போன் போடுறேன்."

மலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெத்தையிலிருந்து மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "ஏம்மா, அது நான் பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கினதுதானே? ஒரு நாளாச்சும் அதுல சோறு போட்டிருக்கியா?"

"அது விருந்தாளிங்களுக்கு."

"எந்த விருந்தாளிக்கு?"

தங்கமணிக்குச் சமையலறையில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

கடைசியில் காகிதங்கள் யுகேந்திரன் படுக்கும் கட்டிலுக்கடியில் போயின. பூஞ்சை பிடிக்கவில்லை. மலர் அன்று அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். பத்து நாளில் பெண் குழந்தை பிறந்தது. அறை திரும்பக் கிடைக்கும் என்று யுகேந்திரன் வாசலில் நின்று பார்த்தார்; தொட்டிலைக் கட்டிவிட்டிருந்தார்கள்.

அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? பிரிக்பீல்ட்ஸில் இப்போதும் அந்த வட்டத்தைப் பற்றிப் பேசுகிறார், முன்பைவிட உருக்கமாக. லோகன் வந்தால் மட்டும் கோப்பி கண்ணாடிக் கிளாசில் வருகிறது. பச்சைக் கப்பைச் சமையலறையில் காணோம். கட்டிலுக்கடியைப் பெருக்கும்போது தங்கமணி கண்டுபிடித்தார். துணியில் சுற்றி, உள்ளே ஒரு மணிப் பொட்டலம் போட்டு, மனிதர் பத்திரமாக வைத்திருந்தார். உடைந்த கப்! யாராவது உடைந்த கப்பைச் சேர்த்து வைப்பார்களா என்று தங்கமணி சிரித்தார். சிரித்துக்கொண்டே ஷோகேஸ் கண்ணாடியைத் துடைத்தார்.

பேத்திக்கு முப்பதாம் நாள் விசேஷம் தடபுடலாக நடந்தது. சம்பந்தி வீட்டார் வந்தார்கள், லோகன் வந்தார், தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் வந்தார்கள். எல்லாரும் பேப்பர் தட்டில் சாப்பிட்டார்கள்.

நீங்களும் சிரித்தது போதும். சோபாவின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை, அதன்மேல் வியர்க்க வியர்க்க உட்கார்ந்துதானே இதைப் படிக்கிறீர்கள்?