தண்ணியும் சுருட்டுப் பத்தும்

விஞ்ஞானத்தைக் கொஞ்சம் படித்தவர்கள்தான் ஆபத்தானவர்கள். நிறையப் படித்தவர்கள் "திட்டமாகச் சொல்ல முடியாது" என்று தப்பிவிடுவார்கள். நான் கொஞ்சம் படித்திருந்த காலத்தில் பெரியப்பாவின் குடும்பத்தையே இரண்டாக்கினேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. குளிக்கவோ தோய்க்கவோ சவர்க்காரம் கண்ணில் படுவதே அபூர்வம். பல்கலைக்கழக இறுதி ஆண்டு ஆய்வுக்கு நான் எடுத்த விடயமோ சுயாதீன மூலிகங்கள். (சோடியில்லாத ஓர் இலத்திரனோடு அலைந்து, உடம்புக்குள் அகப்பட்டதையெல்லாம் கெடுக்கிற துகள்கள். ஊருக்கு ஒருவர் அப்படி இருப்பார்.) சுருட்டுப் புகை இவற்றைப் பெருக்கும், இவை இரத்தத்திலுள்ள கொழுப்பைக் கெடுக்கும். இரத்தத்தோடு ஒரு மருந்தைக் கலந்து கொதிக்கவைத்தால் நிறம் சிவக்கும். சிவப்புக் கூடினால் கேடும் கூடுதல். நிறத்தை அளக்கும் கருவிக்கு மின்சாரம் வேண்டுமென்பதால், சோதனைக் குழாய்களை வெயிலில் வெள்ளைத்தாளுக்கு முன்னால் நிறுத்தி என் கண்ணாலேயே அளந்தேன்.

நீர்வேலியில் சுருட்டுப் பத்துகிற, அதாவது புகைக்கிற, ஐந்து பேர், பத்தாத ஐந்து பேர் என்று இரத்தம் எடுத்தாயிற்று. வாழைத்தோட்டக்காரரான பெரியப்பா பத்தாதவர் பட்டியலில் இருந்தார். "சுருட்டோ நானோ?" என்று பெரியம்மா கேட்க, அவர் மூன்று நாள் யோசித்துப் பெரியம்மாவைத் தெரிவுசெய்து இரண்டு வருடமாகியிருந்தது.

அந்தப் பெரியப்பாவின் குழாய் செவ்வரத்தம்பூப் போலச் சிவந்தது.

ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. "எங்கடை மனுசன்ரை ரத்தம் எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டபடி பெரியம்மா எனக்குக் கத்தரிக்காய்க் குழம்பு விட்டார். "நல்லாயிருக்கு" என்றிருந்தால் முடிந்திருக்கும். யாருடைய இரத்தம் என்ன சொன்னது என்பதை வெளியே சொல்லக்கூடாது என்று எனக்குப் படிப்பித்துமிருந்தார்கள். நானோ தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பெரியப்பா இன்னும் பத்துறார் பெரியம்மா. ஆக்கள் பொய் சொல்லுவினம், மூலிகம் சொல்லாது."

பெரியப்பாவின் கவளம் பாதி வழியில் நின்றது. "எடி பிள்ளை, சோறு போட்ட வீட்டிலை..." என்று அவர் தொடங்குவதற்குள் பெரியம்மா சீலை மடிக்கப் போய்விட்டார். அன்று பின்னேரமே உரும்பிராயில் தமையன் வீட்டுக்குப் புறப்பட்டார். பெரியப்பா மூன்று நாள் கதலிப் பழத்திலேயே சீவித்தார். அம்மா என்னோடு கதைக்கவில்லை. நானோ உண்மையின் பக்கம் நிற்கிறேன் என்ற மிதப்பில் திரிந்தேன்.

நாலாம் நாள் குழாய்களை என் மேற்பார்வையாளர் சேரிடம் கொண்டுபோனேன். சேர் பெரியப்பாவின் குழாயை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "வெறுந்தண்ணி விட்ட குழாய் எங்கை?" என்றார். (ஒப்பிடுவதற்காக அப்படி ஒன்றையும் கொதிக்கவைக்க வேண்டும். வைத்திருந்தேன், பார்க்கத்தான் இல்லை.) எடுத்துக் கொடுத்தேன். அது பெரியப்பாவைவிடச் சிவந்திருந்தது.

"பிள்ளை, உம்மடை தண்ணியும் சுருட்டுப் பத்துதோ?"

நிலம் பிளக்கவில்லை. "குழாயளை என்னத்தாலை கழுவினனீர்?" என்று அடுத்த கேள்வி வந்தது. ஒன்பது குழாயோடு சவர்க்காரம் தீர்ந்திருந்தது. மிச்சம் இரண்டையும், அதாவது பெரியப்பாவினதையும் தண்ணியினதையும், அந்த நாளில் ஊரே உடுப்புத் தோய்த்த பனம்பழத்தால் கழுவியிருந்தேன். பழத்தின் சீனி குழாயில் ஒட்டியிருந்து, கொதித்து, நிறம் காட்டியிருக்கிறது.

சைக்கிளை எடுத்து ஒரே மிதியில் உரும்பிராய்க்குப் போய்ப் பெரியம்மாவின் காலில் விழாத குறையாகச் சொன்னேன்.

"பனம்பழமோ?" பெரியம்மா நெஞ்சில் கைவைத்தார். "அந்த மனுசன் இவ்வளவு நாளும் என்னத்தைத் திண்டுதோ! எடு சைக்கிளை!"

அவரைக் கரியரில் ஏற்றி நீர்வேலிவரை மிதித்ததுதான் அந்த ஆய்வில் நான் செய்த ஒரேயொரு உருப்படியான வேலை. பெரியப்பா படலையைத் திறந்து "வாரும்" என்றார். அவ்வளவுதான். சிறிது நேரத்தில் அடுக்களையில் தாளிக்கும் சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோசத்தில் அழுகையே வந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்கத் தோட்டத்துக்குப் போனேன். பெரியப்பா ஒரு குலையை வெட்டி என் கையில் தந்துவிட்டு, வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"உன்ரை மூலிகம் பொய் சொல்லேல்லையடி பிள்ளை. கிழமைக்கு ரண்டு. உந்தப் பம்புக் கொட்டிலுக்குள்ளை."

நான் வாயைப் பிளந்தேன். "அப்ப இந்த மூண்டு நாளும் நல்ல வசதியாய்ப் போச்சுதோ?"

"ஒண்டும் பத்தேல்லை. அவள் இல்லாத வீட்டிலை ஆருக்கு ஒளிச்சுப் பத்துறது?"

இன்றும் எங்கள் குடும்பத்தில் யார்மேல் பழி விழுந்தாலும் "தண்ணியும் சுருட்டுப் பத்தும்" என்றுதான் சொல்வோம். கலியாண வீடுகளில் முழுக் கதையையும் சொல்பவர் பெரியம்மா. எல்லோரையும்விடப் பலமாகச் சிரிப்பவர் பெரியப்பா. சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வரும். பெரியம்மா தண்ணீரை நீட்டுவார். நான் பந்தலின் முகட்டைப் பார்ப்பேன்.