மாகோ ஜங்ஷனில் தொலைந்தவர்

முதுகில் பையை மாட்டிக்கொண்டு நாடு நாடாகச் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் இப்போது எல்லோருக்கும் ஆசையாக இருக்கிறது. என் பேரன்கூட அப்படிக் கிளம்பவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் அந்தப் பேச்சை எடுத்தால் நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன். அறுபதுகளின் கடைசியிலேயே காஞ்சிபுரத்திலிருந்து அப்படி ஒரு பையோடு சிலோனுக்குப் போனவன் நான். (அப்போது அது சிலோன்தான், பெயர் பிறகுதான் மாறியது.) தனியாகப் போயிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது. கல்யாணமாகி ஐந்தே மாதமான மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். தேனிலவு என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

யோசனை என்னுடையதல்ல. கைலாசநாதர் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைக்கார ஜோடியைப் பார்த்தேன். ஆளுக்கொரு பை, அதற்குள் அவர்கள் குடித்தனமே இருந்தது. என் இங்கிலீஷை வைத்துக்கொண்டு அவர்களை விடாமல் இரண்டு மணி நேரம் பின்தொடர்ந்தேன். சிலோனில் ஒரு மாதம் சுற்றிவிட்டு வந்தவர்களாம். ஓட்டல் பக்கமே போகவில்லையாம். மடங்களில் படுக்கை, பாதி வழி நடை. கேட்கக் கேட்க எனக்கு ரத்தம் சூடேறியது. வீட்டுக்கு வந்ததும் வசந்தாவிடம், "மனுஷன்னா இப்படி வாழணும்" என்றேன். அவள் அப்போது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "யாரு மாதிரி?" என்று கேட்டாள்.

மாமனார் திருப்பதிக்கு அனுப்பத் தயாராக இருந்தார். நான் மறுத்துவிட்டேன். பள்ளிச் சீருடை தைக்கிற தையற்காரரிடம் காக்கித் துணி கொடுத்து இரண்டு பைகள் தைக்கச் சொன்னேன். அவர் என்ன நினைத்தாரோ, போஸ்ட்மேன் பையையும் தலையணை உறையையும் கூட்டிவைத்ததுபோல இரண்டையும் தைத்துக் கொடுத்தார். வசந்தா தன் பையை முதுகில் மாட்டவே இல்லை. இடுப்பில் குடம் வைப்பதுபோல வைத்துக்கொண்டாள். "ஜவுளி மூட்டை தூக்கிக்கினு போறா மாதிரி இருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, ரயில் பிடித்து அனுராதபுரம் போனோம். யாத்திரிகர் மடத்தில் இரண்டு நாள் தங்கினோம். பஸ் இருக்கிற இடங்களுக்கெல்லாம் நான் அவளை நடத்தியே கூட்டிப்போனேன். நடந்தால்தான் ஊர் தெரியும் என்பது என் பிரசங்கம். அவள் செருப்பு வார் அறுந்தபோதும் பிரசங்கத்தை நிறுத்தவில்லை. பாஸ்போர்ட் இரண்டும், டிக்கெட்டும், இருந்த கொஞ்சப் பணமும் என் வேட்டி மடிப்பில் ஒரு துணிப்பைக்குள் கட்டியிருந்தேன். (பெண்களிடம் கொடுத்தால் பத்திரமாக இருக்காது என்று ஒரு எண்ணம். அந்த எண்ணத்துக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.)

மூன்றாம் நாள் காலை கண்டிக்குப் புறப்பட்டோம். வழியில் ஒரு ஜங்ஷனில் வண்டி மாறவேண்டும். அதற்கும் முன்னால் இன்னொரு ஜங்ஷன் வரும், அதன் பெயர் மாகோ. அங்கே இறங்கக்கூடாது என்று வசந்தாவுக்கு நான்கு முறை சொன்னேன். சொல்லிவிட்டு, மாகோ வந்ததும் நான் இறங்கினேன். அங்கே பால் இல்லாத தேநீரைப் பிளேன்டீ என்பார்கள். அதில் ஒன்று குடிக்கலாம் என்று ஆசை.

பிளேன்டீ கையில் இருக்கும்போதுதான் அவனைப் பார்த்தேன். தாடி வைத்த ஒரு வெள்ளைக்கார இளைஞன், முதுகில் பெரிய பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எனக்குச் சொந்தக்காரனைப் பார்த்ததுபோல ஆகிவிட்டது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, நானும் உன்னைப்போல்தான் என்று அறிமுகம் செய்துகொண்டேன். என்னிடம் அப்போது பை இல்லை, அது வண்டியில் வசந்தாவிடம் இருந்தது. ஆகவே அவன் என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தான். விசில் ஊதியது. அவன் எழுந்து ஓடினான். நானும் ஓடினேன். அவன் ஏறிய பெட்டியிலேயே தாவி ஏறினேன். எங்கள் பெட்டி முன்னால் எங்கோ இருக்கும், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கே போய்விடலாம் என்று கணக்கு. எதிரெதிராக இரண்டு வண்டிகள் நின்றிருந்தன என்பதை நான் கவனிக்கவே இல்லை.

அடுத்த ஸ்டேஷனில் நான் இறங்கவும் இல்லை. பேச்சு அவ்வளவு சுவாரசியம். இரண்டாவது ஸ்டேஷனும் போயிற்று. காட்டைத் தாண்டி ஒரு பெரிய ஏரி வந்தபோது, கண்டியில் எங்கே தங்கப்போகிறாய் என்று அவனைக் கேட்டேன். அவன் கண்டிக்குப் போகவில்லை என்றான். இந்த வண்டியும் போகவில்லை என்றான். கிழக்குக் கடற்கரைக்குப் போகிற வண்டியாம்.

எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். வண்டியை நிறுத்தச் சங்கிலி இருக்கிறதா என்று தேடினேன். வசந்தாவுக்குச் சிங்களம் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. கையில் டிக்கெட் இல்லை, பாஸ்போர்ட் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து மெட்ராஸுக்கே அவள் தனியாகப் போனதில்லை. இடுப்பில் கட்டியிருந்த துணிப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், அதனால் யாருக்கு என்ன லாபம் என்று தெரியாமலே.

வண்டி நின்ற அடுத்த ஊர் கெக்கிராவை. இறங்கி ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு ஓடி, மனைவியைக் காணோம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்தினேன். அவர் சிங்களக்காரர், வயதானவர், அவசரமே இல்லாதவர். நான் சொன்னது புரியாமல் வெளியே ஆளனுப்பி, ஸ்டேஷன் வாசலில் கடை வைத்திருந்த காசிம் நானாவை அழைத்துவரச் சொன்னார். (அங்கே முஸ்லிம் பெரியவர்களை நானா என்று கூப்பிடுகிறார்கள். அண்ணன் என்று அர்த்தம்.) காசிம் நானாவுக்குத் தமிழும் சிங்களமும் தண்ணீர் பட்ட பாடு. நான் கதை முழுவதும் சொல்ல, அவர் மொழிபெயர்க்க, மாஸ்டர் ஏதோ ஒரு கேள்வி கேட்டார். காசிம் நானா அதை எனக்குத் திருப்பினார்.

"ஒங்கட மனிசி ஏறவேண்டிய வண்டியிலதான் இருந்தா. நீங்கதான் வேற வண்டியில வந்திருக்கிறீங்க. அப்ப காணாமப் போனது யாரெண்டு கேக்கிறார்."

மாகோவுக்கும் அதற்கு அடுத்த ஜங்ஷனுக்கும் போன் பண்ணச் சொல்லிக் கெஞ்சினேன். மாஸ்டர் காகிதத்தை எடுத்து அடையாளம் கேட்டார். வயது சொன்னேன், உயரம் சொன்னேன், மூக்குத்தி சொன்னேன். புடவை என்ன நிறம் என்றார்.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைச் சொல்லியாகவேண்டும். நான் ஒரு பட்டுக் கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தா. தறியிலிருந்து வருகிற ஒவ்வொரு புடவைக்கும் உடல் நிறம், கரை நிறம், முந்தி நிறம் மூன்றையும் பதிவேட்டில் எழுதுவதுதான் என் வேலை. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, எலுமிச்சை, வாடாமல்லி என்று நாளெல்லாம் நிறங்களோடு புழங்குகிறவன். ஒரே பச்சையில் ஆறு பச்சை பிரித்துச் சொல்வேன். அப்படிப்பட்டவனுக்கு, காலையிலிருந்து எதிரில் உட்கார்ந்து வந்த மனைவியின் புடவை நிறம் தெரியவில்லை. கண்ணை மூடி யோசித்தேன். முகம் தெரிந்தது, அறுந்த செருப்பு தெரிந்தது. புடவை மட்டும் தெரியவில்லை. காசிம் நானா பொறுமையாகக் காத்திருந்தார். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"கிளிப்பச்சை" என்றேன்.

மாஸ்டர் போனைச் சுற்றினார். கொஞ்ச நேரம் சிங்களத்தில் பேச்சு. பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மாகோவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாளாம், ஆனால் பச்சைப் புடவை இல்லையாம். அடுத்த ஜங்ஷனில் அப்படி யாருமே இல்லையாம்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் கெக்கிராவை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காசிம் நானா கடையிலிருந்து வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். உரித்து வைத்துக்கொண்டே இருந்தேன், வாயில் போகவில்லை. கொழும்பு வரைக்கும் போய்விட்டாளோ, அந்தக் கூட்டத்தில் இறங்கி எந்தப் பக்கம் போவாள், மாமனாரிடம் என்ன சொல்வது என்றெல்லாம் ஓடியது. கல்யாணமான நாளிலிருந்து நான் அவளிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன், அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்று ஒருநாளும் பார்க்கவில்லை என்பது அந்த பெஞ்சில்தான் உறைத்தது. அழுதேனா என்று கேட்டால், வெயில் கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொள்வேன். (காசிம் நானா தன் தோள் துண்டை எடுத்துக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

பிறகு போன் அடித்தது. மாகோதான். அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் தமிழ் தெரிந்த ஒரு போர்ட்டர் பேசியிருக்கிறார். அவள் புருஷனைக் காணோமாம். மாஸ்டர் எழுதிக்கொள்ள, காசிம் நானா அதைப் பார்த்து ஒவ்வொன்றாக என்னிடம் சொன்னார். ஒல்லி. வெள்ளைச் சட்டை, மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை, அந்த இடத்தில் ஊக்கு. வலது காதுக்குப் பின்னால் மச்சம். வேட்டியில் தேநீர்க் கறை. மூச்சு விடாமல் பேசுவார். ஒரு வெள்ளைக்காரன் பின்னால் ஓடி எதிர் வண்டியில் ஏறியதை அவள் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். கூப்பிட்டும் திரும்பவில்லையாம். உடனே இரண்டு பைகளோடும் இறங்கிவிட்டாளாம்.

எனக்கு அந்த மச்சம் இருப்பதே அன்றுதான் தெரியும். காசிம் நானா என் காதைத் திருப்பிப் பார்த்து, இருக்கிறது என்று மாஸ்டருக்குச் சொன்னார்.

பெயர்தான் சிக்கலாகிவிட்டது. புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டேன் என்று வசந்தா ஒரேயடியாக மறுத்திருக்கிறாள். அவர்கள் ரொம்ப வற்புறுத்தியதும் ஒரு குறிப்பு மட்டும் கொடுத்திருக்கிறாள்.

"ஒங்கட ஊர்ப் பெரிய கோயில்ல என்ன சாமி?" என்று காசிம் நானா கேட்டார்.

"ஏகாம்பரநாதர்."

"ஒங்கட பேர்?"

"ஏகாம்பரம்" என்றேன்.

அவர் அதை மாஸ்டருக்கு விளக்கினார். அதுவரை சிரிக்காத அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பத்து நிமிஷம் சிரித்தார். போனில் மாகோக்காரரும் சிரிப்பது எனக்கே கேட்டது.

பிற்பகல் ஒரு சரக்கு ரயிலில், கார்டு பெட்டியில் என்னை ஏற்றி அனுப்பினார்கள். மாகோவில் இறங்கியபோது பிளாட்பாரத்தில் வசந்தா இல்லை. பெஞ்ச் பெஞ்சாகத் தேடினேன். போர்ட்டர் சிரித்துக்கொண்டே ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டைக் காட்டினார். பின்கட்டில் மாஸ்டர் மனைவியோடு உட்கார்ந்து வசந்தா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது, ஆனால் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். செருப்பு வார்கூடத் தைத்திருந்தது. புடவையைப் பார்த்தேன். வெங்காயச் சருகு நிறம், கத்தரிப்பூக் கரை. தலைப்பொங்கலுக்கு நானே கடைக்குப் போய் வாங்கியது.

"சாப்ட்டீங்களா?" என்றாள்.

இல்லை என்றேன். தட்டு வைத்தாள். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, நான் முதல் கவளம் எடுக்கிறவரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னா கலருன்னு சொன்னீங்களாம்?"

"கிளிப்பச்சை."

"கிளிப்பச்சை உங்க அக்காவுது. எங்கிட்ட பச்சையே கெடையாது."

அவ்வளவுதான். அதற்குமேல் அவள் சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும். கை கழுவியதும் நானாகவே இடுப்புத் துணிப்பையை அவிழ்த்து அவளிடம் கொடுத்தேன். மீதி ஒரு வாரமும் பயணம் அவள் கையில் நடந்தது. கண்டியில் பஸ்ஸில் போனோம், நுவரெலியாவில் ஆற அமர உட்கார்ந்து ஊர் பார்த்தோம். போன இடமெல்லாம் அவளே யாரோ ஒரு பெண்ணைப் பிடித்து, ஜாடையிலேயே பேசி, தங்க இடம் பிடித்தாள். எனக்கு முன்பைவிட நன்றாகவே ஊர் தெரிந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலை நான் வாசலில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து வசந்தா, "ஏகாம்பரம், காபி ஆறுது" என்று கூப்பிட்டாள். தெருவே நின்றுவிட்டது. அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். இது என்ன புதுப் பழக்கம் என்று அம்மா கேட்டதற்கு வசந்தா நிதானமாகப் பதில் சொன்னாள்.

"பேரு சொல்லாததால ஒரு நாளு பூரா இவர தேடிக்கினு கெடந்தோம் அத்தே. இன்னொரு தபா நம்மளால ஆவாது."

அம்மா கதை முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும், மருமகள் செய்தது சரிதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எங்கள் தெருவில் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் பெண் வசந்தாதான்.

அதிலும் ஒரு தொல்லை வந்து சேர்ந்தது. காஞ்சிபுரத்தில் தெருவுக்கு நாலு ஏகாம்பரம். மார்க்கெட்டில் அவள் குரல் கொடுத்தால் வெற்றிலைக் கடைக்காரர் திரும்புவார், ஜட்காக்காரர் திரும்புவார், சமயத்தில் நான் மட்டும் திரும்பமாட்டேன். அதனால் அவள் அடையாளத்துக்கு ஒரு சொல்லை முன்னால் சேர்த்தாள். அது வீட்டில் பரவி, தெருவில் பரவி, சங்கத்துக்கும் வந்தது. போன மாதம் பேத்தி கல்யாணத்துக்கு மொய் எழுதியவர்களில் பாதிப் பேர், "மாகோ ஏகாம்பரம் வீட்டுக் கல்யாணம்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, மாகோ என்றால் எந்தப் பக்கம், செய்யாறு தாண்டியா என்று கேட்டார்.

கொஞ்சம் தாண்டி, என்றேன்.